எண்ணால் அறியும் உறவு
பழைய மோட்டார் வண்டிகளும் பிரிந்துபோன அவற்றின் உறுப்புகளும்

எங்கள் அயலிலே ஒரு மொறிஸ் மைனர் வண்டி நிற்கின்றது. சாம்பல் நிறம், உருண்ட முதுகு, விழித்த கண்கள் போன்ற இரண்டு முன்விளக்குகள். அதன் சொந்தக்காரர் இளைப்பாறிய தலைமையாசிரியர். காலஞ்சென்ற தந்தையார் வாங்கிய வண்டி என்பதனால், கேட்டு வந்தோர் பலர்க்கும் இல்லையென்று கூறி வைத்திருக்கின்றார். சென்ற விடுமுறையிலே கனடாவிலிருந்து வந்த அவருடைய மகன், பாட்டனாரின் வண்டியை அது வாங்கப்பட்ட நாளில் இருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டுமென்று ஆசைப்பட்டான். பெட்டியின் அடியிற் கிடந்த பதிவுப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினோம். மங்கிய எழுத்தை வாசிப்பது என் தொழிலன்றோ! புத்தகத்திலிருந்த எஞ்சின் எண்ணை நான் வாசிக்க, அந்த இளைஞன் வண்டியின் மூடியைத் தூக்கி, எஞ்சினில் அறையப்பட்டிருந்த சிறு தகட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தான்.

இரண்டு எண்களும் ஒவ்வவில்லை.

தலைமையாசிரியரின் முகம் வாடிற்று. “அப்ப, இது எங்கடை ஐயாவின்ரை கார் இல்லையோ, பண்டிதர்?” என்று கேட்டார்.

அன்று அவர்க்கு என்னால் விடை கூற இயலவில்லை. ஆயினும் அவ்வினா என்னை விட்டபாடில்லை. ஒரு பொருளின் உறுப்பு மாறினால் அப்பொருளும் மாறுமோ? பிரிந்துபோன உறுப்பு மீண்டும் வந்து சேருதல் கூடுமோ? இவ்வினாக்களுக்கு ஏட்டளவில் அன்றிக் கையளவிலும் விடை தேடுகின்ற கூட்டத்தார் உலகெங்கும் உளர் என்பதைப் பின்னர் அறிந்தேன். பழைய மோட்டார் வண்டிகளிடத்துப் பற்றுக்கொண்ட அன்பர்களே அவர்கள். அவர்கள் செய்யும் காரியத்தை நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிதல் நன்றென எண்ணி இதனை எழுதலானேன்.

எண் பிறந்த கதை

மோட்டார் வண்டி செய்யும் ஆலையிலே அடிச்சட்டத்துக்கு ஓர் எண்ணும் எஞ்சினுக்கு ஓர் எண்ணும் இடுவர். சில ஆலைகளிலே கியர்ப் பெட்டிக்கும் உடற்கூட்டுக்குங்கூடத் தனித்தனி எண் உண்டு. எந்த அடிச்சட்டத்திலே எந்த எஞ்சின் பூட்டப்பெற்றது, என்ன நிறம் பூசப்பெற்றது, எந்நாளில் ஆலையை விட்டு நீங்கியது என்பவற்றைப் பேரேட்டில் எழுதி வைப்பர். வணிகத்தின் பொருட்டும் பழுது பார்த்தலின் பொருட்டும் எழுதப்பட்ட கணக்கு அது. எழுதிய எழுத்தர், ஐம்பது அறுபது ஆண்டுகளின் பின் யாரோ ஒருவர் தம் கணக்கைக் கண்கலங்கப் படிப்பார் என்று கனவிலும் கருதியிரார்.

மொறிஸ், ஒஸ்ரின் முதலிய ஆலைகளின் பேரேடுகள் இன்று இங்கிலாந்தின் வோறிக்சயர்ப் பகுதியில், கெய்டன் என்னும் ஊரிலுள்ள பிரித்தானிய மோட்டார் அரும்பொருளகத்திலே பேணப்படுகின்றன. ஒருவர் தம் வண்டியின் எண்ணை எழுதி அனுப்பிக் கட்டணமும் செலுத்தினால், பேரேட்டைப் பார்த்து, வண்டி பிறந்த நாளும் அதனோடு பிறந்த எஞ்சினின் எண்ணும் குறித்துச் சான்றிதழ் வழங்குவர். ரோல்ஸ் ரோய்ஸ் வண்டிகளின் பழைய அடிச்சட்டப் பதிவுகள், 1957 ஆம் ஆண்டிலே தோன்றிய அன்பர் சங்கம் ஒன்றன் காவலில் உள்ளன. பென்ற்லி ஓட்டுநர் சங்கம் 1936 இலும், அமெரிக்காவிலே கோர்வெற் வண்டிகளைச் செப்பனிடுவோர் சங்கம் 1974 இலும் தோன்றின. அரசாங்கத்தின் ஆணையின்றித் தாமாகக் கூடிய மனிதர், தம் பொழுதையும் பொருளையும் செலவிட்டு நடத்தும் சங்கங்கள் இவை.

பிரிவு நேர்ந்தது எவ்வாறு?

ஒன்றாய்ப் பிறந்தவை பிரிந்தமைக்குக் காரணங்கள் பல. முதலாவது தேய்வு. எஞ்சின் தேய்ந்தால், அதனைக் கழற்றிப் பிரித்துச் செப்பனிட நாட்கள் பல ஆகும். ஆதலால், மொறிஸ் ஆலையும் ஒஸ்ரின் ஆலையும் 1952 இல் இணைந்து உருவான பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனத்தார், ஆலையிலே புதுக்கிய எஞ்சின்களைக் ‘கோல்ட் சீல்’ என்னும் பெயரால் விற்றனர். பழைய எஞ்சினைக் கொடுத்து, புதுக்கியதனை வாங்கிப் பூட்டிக்கொண்டு வண்டிக்காரர் வீடு திரும்புவர். அவர் கொடுத்த எஞ்சின் ஆலையிலே செப்பனிடப்பெற்று, வேறோர் ஊரில் வேறொருவர் வண்டியிலே குடிபுகும். இங்ஙனம் ஆயிரமாயிரம் எஞ்சின்கள் வீடு மாறின. அக்காலத்தில் இதனை எவரும் இழப்பாகக் கருதவில்லை.

இரண்டாவது காரணம் ஓட்டப் போட்டி. போட்டி வண்டியின் எஞ்சின் உடைந்தால் மறுவாரம் வேறொன்று பூட்டப்படும். வெற்றியே அங்கே வேண்டுவது. மூன்றாவது காரணம் வறுமையும் போரும். பழைய வண்டியின் உடல் துருப்பிடித்து அழிந்தபின்னும் எஞ்சின் உழைக்கும். அதனைக் கழற்றி மரம் அரியவும், படகு செலுத்தவும், நீர் இறைக்கவும் பயன்படுத்தினர்.

ஆகவே, ஓரிடத்திலே எஞ்சினில்லாத வண்டி. மற்றோரிடத்திலே வண்டியில்லாத எஞ்சின். இரண்டனையும் இணைப்பதற்கு எஞ்சியிருப்பது ஓர் எண் மாத்திரமே.

ரூரின் நகரத்துப் பூதம்

இதற்கோர் அரிய உதாரணம் காண்போம். இத்தாலி நாட்டு ரூரின் நகரத்துப் பியற் ஆலையினர், வேகத்திலே ஜேர்மனியரின் பென்ஸ் வண்டியை வெல்லக் கருதி, 1910 ஆம் ஆண்டளவில் எஸ்-76 என்னும் பேருருவ வண்டியைச் செய்தனர். சிலிண்டர் நான்கே, அவற்றின் கொள்ளளவோ 28.4 லீற்றர். 1948 இல் வெளிவந்த முதல் மொறிஸ் மைனரின் எஞ்சின் 918 கன சென்ரிமீற்றர் கொண்டது. அத்தகைய எஞ்சின் முப்பதைச் சேர்த்து வைத்தாலும் இந்தப் பூதத்தின் கொள்ளளவுக்கு ஈடாகாது! வலு ஏறத்தாழ 300 குதிரை. இத்தகைய வண்டிகள் இரண்டே செய்யப்பட்டன.

அவற்றுள் ஒன்றை உருசிய இளவரசர் ஒருவர் வாங்கினார். 1913 இலே பெல்ஜியத்தின் ஒஸ்ரெண்ட் நகரில் ஆர்தர் டுறே என்னும் ஓட்டுநர் அதனை மணிக்கு 132 மைலுக்கு மேற்பட்ட வேகத்திலே செலுத்தினார். ஆனால், எதிர்த்திசை ஓட்டம் நிறைவெய்தாமையால் அவ்வேகம் உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. பின்னர் உலகப் போர் மூண்டது. ஆலையிலிருந்த மற்றைய வண்டி பின்னாளிலே பிரிக்கப்பட்டது. அதன் எஞ்சின் மாத்திரம் தப்பிற்று. இளவரசரின் வண்டியோ எஞ்சினை இழந்து, வெறும் அடிச்சட்டமாய், கடல் கடந்து அவுஸ்திரேலியாவை அடைந்தது. ஆங்கு வேறோர் எஞ்சினைப் பூட்டி ஓடி விபத்துக்குள்ளாகி, நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது.

டங்கன் பிற்றவே என்னும் ஆங்கிலேயர் அந்த அடிச்சட்டத்தைப் பெற்று 2003 இல் இங்கிலாந்துக்குக் கொணர்ந்தார். உடன்பிறந்த வண்டியின் எஞ்சின் எஞ்சியிருப்பதை அறிந்து அதனையும் பெற்றார். கியர்ப் பெட்டியையும் உடற்கூட்டையும் நீர் குளிர்த்தும் முகப்பையும் பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் துணைக்கொண்டு புதிதாகச் செய்வித்தார். பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பின் பயனாக 2014 நவம்பரிலே அவ்வெஞ்சின் மீண்டும் முழங்கிற்று. அடுத்த ஆண்டு குட்வூட் வேகத் திருவிழாவிலே, தீயுமிழ்ந்து செல்லும் அப்பூதத்தை மக்கள் திரண்டு கண்டனர்.

ஒரு வண்டியின் அடிச்சட்டம். அதன் உடன்பிறப்பின் எஞ்சின். இரண்டும் பிறந்தபோது ஒன்றாய் இருந்தவையல்ல. இவ்வுண்மை மறைக்கப்படவும் இல்லை. எது பழையது, எது உடன்பிறப்பினது, எது புதியது என்று வெளிப்படக் கூறியே அவ்வண்டி ஓடுகின்றது. அந்நேர்மையும் அவ்வண்டியின் பெருமைகளுள் ஒன்றென்பேன்.

தேடுவோரும் வைத்திருப்போரும்

பெருஞ்செல்வர் வண்டிக்கே இவ்வாய்ப்பு உரியது என்று எண்ணற்க. எளியோர் வண்டிகளிலும் இது நாடோறும் நிகழ்கின்றது. அது நிகழும் வகை இதுவாகும்.

ஒவ்வொரு வகை வண்டிக்கும் சங்கத்திலே பதிவாளர் ஒருவர் இருப்பார். எஞ்சியுள்ள வண்டிகளின் அடிச்சட்ட எண்ணையும், இன்று அவற்றிலுள்ள எஞ்சின் எண்ணையும், ஆலையிலே பூட்டப்பட்ட எஞ்சின் எண்ணையும் அவர் நிரல்பட எழுதி வைப்பார். பழைய இரும்புக் கடையிலோ பண்ணைக் கொட்டிலிலோ எஞ்சின் ஒன்றைக் கண்டவர், அதனை உருக்கவிடாது எண்ணைக் குறித்தனுப்புவார். அமெரிக்க வண்டிகளுட் பலவற்றிலே, சிறப்பாக 1968 ஆம் ஆண்டு மாதிரிகள் தொடக்கம், அடிச்சட்ட எண்ணின் ஒரு பகுதி எஞ்சினிலும் பொறிக்கப்பட்டது. களவைத் தடுக்கும் பொருட்டுப் பொறித்த எண், இன்று பிள்ளையின் கையிற் கட்டிய பெயர்ச்சீட்டுப் போலத் தாய்வீட்டைக் காட்டுகின்றது.

எண்கள் ஒத்துவிட்டன என்று கொள்வோம். இனித்தான் உண்மையான சோதனை. எஞ்சினை வைத்திருப்பவர்க்கு அது இப்போது ஓடுகின்ற எஞ்சின். அதனைக் கொடுத்தால் அவர் வண்டி நின்றுவிடும். ஆதலின், தேடுபவர் அவர்க்கு அதே வகையான, பழுதற்ற எஞ்சின் ஒன்றை முதலிலே தேடிக் கொடுத்தல் வேண்டும். சிலவேளை, முதலாமவர் எஞ்சின் இரண்டாமவரிடமும், இரண்டாமவரது மூன்றாமவரிடமும், மூன்றாமவரது முதலாமவரிடமும் இருத்தல் கூடும். மூவரும் ஒருங்கே இசைந்தாலன்றி ஒருவர்க்கும் பயன் இல்லை. ஒருவர் ‘எனக்கென்ன’ என்று இருந்துவிட்டால் மூன்று வண்டிகளும் குறைபட்டே நிற்கும்.

பேராசையும் இங்கே புகும். தன்னிடமுள்ள எஞ்சினுக்கு உரிய வண்டி இன்னதென்று அறிந்த கணத்திலேயே விலையைப் பன்மடங்கு உயர்த்துவோர் உளர். ‘வேறு எவர்க்கும் வேண்டாத பொருள், இவர்க்கோ இன்றியமையாத பொருள்’ என்பது அவர் கணக்கு. சட்டப்படி அதிற் குற்றம் காண்டல் அரிது. எனினும் சங்கத்தார் அதனை விரும்புவதில்லை. இன்று விற்பவர் நாளை தேடுபவராதல் கூடுமன்றோ?

இதனினும் கொடியது பொய்யெண் பொறித்தல். பிறந்த எஞ்சினோடு கூடிய வண்டிக்கு விலை மிகுதி. ஆதலின், வேறோர் எஞ்சினின் எண்ணைத் தேய்த்தழித்து, வேண்டிய எண்ணைப் பொறித்து விற்பாரும் உளர். ஆலையிலே எண் பொறிக்கும் இடத்தைக் கடைந்தபோது விழுந்த நுண்ணிய வரிகள் அங்கே உள்ளனவா, எஞ்சின் வார்க்கப்பட்ட நாள் வண்டி பிறந்த நாளுக்கு முந்தியதா என்றெல்லாம் ஆராய்ந்து வல்லோர் அப்பொய்யை வெளிப்படுத்துவர். பொய்யெண் ஒன்று இரண்டு வண்டிகளைக் கெடுக்கின்றது. தன்னதல்லாத பெயரை ஓர் எஞ்சினுக்கு ஏற்றுவதோடு, அவ்வெஞ்சினின் மெய்ப்பெயரையும் அழித்து, அதனைத் தேடும் மற்றொருவரின் நம்பிக்கையையும் அறுத்துவிடுகின்றது.

நீதிமன்றம் ஏறிய வண்டி

எல்லா உறுப்பும் மாறிய வண்டியை யாது சொல்வது? பழைய கிரேக்கரிடையே இவ்வினா உண்டு. தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை அதென்ஸ் நகரத்தார் பேணிவந்தனர் என்றும், உளுத்த பலகைகளை நீக்கிப் புதிய பலகைகளை இட்டமையால், அது பழைய கப்பல்தானா என்று அறிஞர் வாதிட்டனர் என்றும் புளூட்டாக் எழுதியிருக்கின்றார். அவ்வாதம் 1990 இலே இலண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. இம்முறை கப்பலன்று, பென்ற்லி வண்டி.

‘ஓல்ட் நம்பர் வண்’ என்று பெயர்பெற்ற அந்த வண்டி, பிரான்ஸ் நாட்டு லெ மான் நகரின் 24 மணிநேர ஓட்டத்திலே 1929 இலும் 1930 இலும் முதலிடம் பெற்றது. 1932 இல் புறூக்லண்ட்ஸ் ஓட்டத்திலே, எட்டு லீற்றர் எஞ்சின் பூட்டப்பெற்று ஓடியபோது விபத்துக்குள்ளாகி, ஓட்டுநர் கிளைவ் டன்பீ உயிர்துறந்தார். பின்னர் வண்டி மீளக் கட்டப்பட்டது. பல்லாண்டு கழித்து, ஒரு கோடி பவுண் விலைக்கு அதனை விற்க உடன்பாடு செய்யப்பட்டபோது, ‘இது அந்த வண்டியே அன்று’ என்று வாங்குவோர் மறுத்தனர். வழக்கு எழுந்தது. 1929 ஆம் ஆண்டு ஓடிய வண்டியின் உறுப்புகளுள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன என்பது விசாரணையிலே தெளிவாயிற்று. ஆயினும், ஓட்டந்தோறும் உறுப்பு மாறியதேயன்றி வண்டியின் வரலாறு எவ்விடத்தும் அறவில்லை. அப்பெயர்க்கு உரிமை கூற வேறொரு வண்டியும் இல்லை. ஆதலின் அப்பெயர் அதற்கே உரியதென்று நீதிபதி ஒற்றன் தீர்ப்பளித்தார்.

இத்தீர்ப்பினால் எண்ணும் பதிவும் பயனற்றனவாயினவோ? ஆகவில்லை. வரலாறு அறவில்லை என்பதை நீதிபதிக்குக் காட்டியவை எவை? எந்த ஆண்டிலே எது கழற்றப்பட்டது, எது பூட்டப்பட்டது என்ற பதிவுகளே. உறுப்பு மாறலாம், மாறியதைச் சொல்லும் ஏடு மாறலாகாது.

ஏட்டுச்சுவடியும் எஞ்சினும்

இவற்றைப் படித்தபோது எனக்குச் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் நினைவே வந்தது. சுவடி தேடி அலைந்தவர்க்கு அகப்பட்டவை முழுச்சுவடிகளோ? ஒரு வீட்டுப் பரணில் முதற்பகுதி. மற்றொரு வீட்டிலே கடைப்பகுதி. இடையேடு செல்லுக்கு இரை. ஏட்டின் ஓரத்தே எழுதிய எண் இல்லையாயின், கட்டவிழ்ந்த ஏடுகளை எவர் ஒழுங்கு செய்ய வல்லார்? 1887 இலே கலித்தொகை அச்சேறியதென்றால், அதற்கு அவர் உழைப்போடு, தம் வீட்டுச் சுவடியை நம்பிக் கொடுத்தாரின் மனமும் காரணமாகும். சுவடி கொடுக்க மறுத்து, பெட்டியிலேயே வைத்துச் செல்லரிக்க விட்டாரும் அக்காலத்தில் இருந்தனர். அவர்கள் வைத்திருந்தது தமக்கும் பயன்படவில்லை, பிறர்க்கும் பயன்படவில்லை.

நல்ல பதிப்பாசிரியர் வேற்றுச் சுவடியிலிருந்து எடுத்த பாடத்தை இன்ன சுவடியினது என்று குறிப்பார். அது பாடபேதம் எனப்படும். குறியாது தாமே புனைந்து சேர்த்தால் அது இடைச்செருகல். மாற்று எஞ்சினுக்கும் பொய்யெண்ணுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

நம் ஊர் வண்டிகள்

யாழ்ப்பாணத்து வீதிகளிலே ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் இன்றும் ஓடக் காண்கின்றோம். 1990 இன் பின்னர் பெற்றோல் தடைப்பட்ட காலத்திலே, சில துளி பெற்றோலால் உயிரூட்டி மண்ணெண்ணெயால் ஓடியவை அவை. உதிரிப் பாகம் வந்திறங்காத அந்நாளிலே, ஒன்றன் உறுப்பை மற்றொன்றுக்கு மாற்றியே நம் கராஜ்காரர் அவற்றைக் காத்தனர். நோயாளரும் கருவுற்றாரும் அவற்றிலேயே மருத்துவமனை சென்றனர். அன்று எண் பார்த்து எவரும் எஞ்சின் பூட்டவில்லை. பூட்டியிருப்பின் அதுவே பிழையாகும்.

மொறிஸ் மைனர் வண்டியும் தூய ஒரே வார்ப்பாய்ப் பிறந்ததன்று. அலெக் இசிகோனிஸ் அதனை வகுத்து முடித்த வேளையிலே, அகலம் போதாதென்று கண்டு, மாதிரி வண்டியை நீளவாட்டிலே இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் விரித்தார். முன்மூடியின் நடுவிலுள்ள தட்டையான பட்டி அதன் அடையாளம். முன்னரே செய்துவிட்ட மோதுதாங்கிகளையும் வெட்டி நடுவிலே துண்டு வைத்தே பூட்டினர். ஒட்டுப்போட்டுப் பிறந்த அவ்வண்டி பதினாறு இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. பிற்காலத்தில் அதற்கும் இலங்கைக்கும் புதியதோர் உறவும் உண்டாயிற்று. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பாரின் முயற்சியால், 1990களிலே அவ்வண்டிக்குரிய உதிரிப் பாகங்கள் இலங்கையிற் செய்யப்பட்டு, கப்பலேறி இங்கிலாந்து சென்றன.

இனி, தலைமையாசிரியரின் வினாவுக்கு வருவோம். நினைவைத் துருவியபோது அவரே விடயத்தைச் சொன்னார். மண்ணெண்ணெயில் ஓடிய காலத்திலே பழைய எஞ்சின் இறுகிவிட்டதாம். தாயாரின் நோய்க்காக வண்டி உடனே வேண்டியிருந்ததாம். கராஜ்காரர் எங்கிருந்தோ வேறொன்று கொணர்ந்து ஒரே இரவிலே பூட்டினாராம். “தலைமையாசிரியர், இது உங்கள் ஐயாவின் வண்டிதான். இடையிலே ஒரு வேற்றேடு புகுந்திருக்கின்றது, அது புகுந்த காரணமும் இப்போது தெரிந்துவிட்டது” என்றேன்.

அந்த இளைஞன் பதிவுப் புத்தகத்தின் எண்ணை ஒரு தாளிலே எழுதினான், அன்பர் சங்கத்தார்க்கு அனுப்பித் தேடும்பொருட்டு. எழுதி முடித்துப் புறப்பட்டவனை நிறுத்தி, “தம்பி, மற்ற எண்ணையும் எழும்” என்றேன். அவன் விழித்தான். “அதை ஏன், ஐயா? அது எங்கடை இல்லையே” என்றான். “எங்கடை இல்லை. அதனாலேதான் எழுதச் சொல்லுகிறேன். அதைத் தேடிக்கொண்டு ஒருவர் எங்கேயாவது இருப்பார்.”

சிறிது நேரம் அந்தத் தகட்டையே பார்த்து நின்றான். பின்பு முதலாம் எண்ணின் கீழ் ‘எமக்கு வேண்டியது’ என்றும், இரண்டாம் எண்ணின் கீழ் ‘எம்மிடம் உள்ளது’ என்றும் எழுதினான்.

தாத்தாவின் எஞ்சின் இன்னும் அகப்படவில்லை. அகப்படாமலும் போகலாம். ஆனால், அத்தாளிலே எழுதிய இரண்டு வரிகளும், பிரிந்தவை கூடுவதற்கு மனிதர் செய்யக்கூடிய காரியம் அனைத்தையும் அடக்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது. நம்மிற் பெரும்பாலோர் முதல் வரியை மாத்திரமே எழுதுகின்றோம். இரண்டாம் வரியை ஒவ்வொருவரும் எழுதுவாராயின், முதல் வரிகள் பல தாமே நிறைவெய்திவிடும்.